சுங்கான் மக்கர் செய்தால்: எந்தக் கோளாறுக்கு என்ன செய்வது

புகைக்கும் பைப்புக்குச் சுங்கான் என்று தமிழில் ஒரு பழைய பெயர் உண்டு. பைப் என்றதும் பாதிப் பேருக்குத் தண்ணீர்க் குழாய்தான் ஞாபகத்துக்கு வருகிறது என்பதால் அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறேன். சுங்கானில் வரும் கோளாறுகளைப் பத்துப் பதினைந்து வகையாகப் பிரிப்பார்கள். நான் பார்த்தவரை அதில் முக்கால்வாசிக்கு வேர் ஒன்றுதான்: ஈரம். புகையோடு வரும் நீராவி எங்கேயோ தங்கிவிடுகிறது. அதில் தார் கலந்து ஊறுகிறது. ஊறியது நாறுகிறது, வழியை அடைக்கிறது, மரத்தை உப்ப வைக்கிறது. அதனால் எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் கத்தியைத் தேடாதீர்கள், காய வையுங்கள். என் கைக்கு வந்த பழைய சுங்கான்களில், அழுக்கு சேர்ந்து கெட்டதைவிட யாரோ ஆர்வத்தில் சுரண்டிக் கெடுத்ததுதான் அதிகம்.

பாகங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டால் மேலே பேசுவது சுலபம். புகையிலை அடைக்கும் பகுதி கிண்ணம், அதன் உள்ளே இருக்கும் பள்ளம் குழி. கிண்ணத்திலிருந்து நீளும் மரப்பகுதி தண்டு. வாயில் வைக்கும் துண்டு வாய்க்குழல். வாய்க்குழலின் ஒரு முனை மெலிந்து தண்டுக்குள் போய் உட்காருமே, அதை முளை என்று சொல்லலாம். குழியின் அடியில் தெரியும் சின்ன ஓட்டை புகைத்துளை. கீழே சொல்வது பெரும்பாலும் பிரையர் மரச் சுங்கானுக்கு. மீர்ஷாம், மக்காச்சோளக் கட்டை இரண்டுக்கும் விதி வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். பைப் கிளீனர் என்கிற, கம்பியில் பஞ்சு சுற்றிய குச்சி ஒரு கட்டு. அதில் மிருதுவானது ஒன்று, முள்முள்ளாக இருப்பது ஒன்று என இரண்டும் வேண்டும். காது குடையும் பஞ்சுக்குச்சி, சாதாரணப் பஞ்சு, டிஷ்யூ பேப்பர், நைஸ் உப்புத்தாள். பிறகு ஆல்கஹால். குடிக்கத் தகுந்த தரத்தில் 95 சதவீத எத்தனால் கிடைத்தால் அதுதான் உத்தமம். கிடைக்காவிட்டால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் போதும், ஆனால் முழுக்க ஆவியாகும்வரை காத்திருக்க வேண்டும். பாலிஷ் போடப் பயன்படும் மெத்திலேட்டட் ஸ்பிரிட் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் மெத்தனால் கலந்திருக்கும், அது விஷம். வாயில் வைக்கும் பொருளுக்கு அந்தப் பக்கமே போகக்கூடாது.

இழுக்கும்போது களகளவென்று சத்தம் வருகிறது

எல்லோருக்கும் வரும் கோளாறு இது. தம்ளரின் அடியில் மிஞ்சியதை ஸ்ட்ராவால் உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம், கூடவே நாக்கில் கசப்பாக ஒரு சொட்டு. புகையிலை எரியும்போதே நீராவி உண்டாகிறது. புகையிலையில் இருக்கும் ஈரமும் அதோடு சேரும். அது தண்டின் குளிர்ந்த இடத்துக்கு வந்ததும் தண்ணீராகிறது. வளைந்த சுங்கானில் அந்தத் தண்ணீர் வளைவின் அடியில் குளம்போல் நிற்கும்.

உடனடி வைத்தியம்: வாய்க்குழலைக் கழற்றாமலே, வாய் வைக்கும் துளை வழியாக மிருதுவான பைப் கிளீனரை உள்ளே விட்டுப் புகைத்துளைவரை தள்ளுங்கள். பத்து விநாடி அப்படியே விட்டு உருவுங்கள். நுனி காப்பி நிறத்தில் நனைந்து வரும். சத்தம் நின்றுவிடும். மறுபடி வந்தால் இன்னொரு முறை. புகைத்துக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்யலாம், நெருப்பு அணையாது.

கிளீனர் பாதியில் முட்டி நிற்கிறதா? முளையும் தண்டின் துளையும் நேராகச் சந்திக்காத சுங்கான் அது. கிளீனரின் நுனியை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மடக்கி, உள்ளே விட்டுச் சுழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் வழி கிடைக்கும்.

கிடைக்கவில்லை என்று சூடாக இருக்கும்போதே வாய்க்குழலைக் கழற்றப் போகாதீர்கள். என் முதல் சுங்கானை அப்படித்தான் உடைத்தேன். சூட்டில் மரமும் முளையும் விரிந்து இறுகியிருக்கும். நான் சும்மா ஒரு திருகு திருகினேன். ‘டக்’ என்று சத்தம். கையில் வாய்க்குழல், தண்டுக்குள் முளை. அரை மணி நேரம் பொறுத்திருந்தால் போதும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: தண்டின் வாயில் உலோகப் பூண் போட்டு, முளை கூம்பாக இருக்கும் மிலிட்டரி வகைச் சுங்கான்கள். அவற்றைச் சூட்டோடு கழற்றினாலும் உடையாது.

அந்த வகையில் பேர்போனது பீட்டர்சன் சிஸ்டம். டப்ளினில் சார்லஸ் பீட்டர்சன் 1890-ல் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. தண்டுக்குள் ஒரு சின்னத் தொட்டி குடைந்து, ஈரம் அதில் வடியும்படி வைத்தார். களகள சத்தத்துக்கு நல்ல மருந்துதான். ஆனால் தொட்டி இருக்கிறது என்பதற்காக அதைக் காலி செய்யாமல் விடுகிறவர்கள் உண்டு. நாலைந்து முறை புகைத்தும் துடைக்காத சிஸ்டம் சுங்கானைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும், நாற்றம் தனி ரகம். ஒவ்வொரு முறை புகைத்த பிறகும் டிஷ்யூவைத் திரித்து அந்தத் தொட்டிக்குள் விட்டு உறிஞ்ச வைக்க வேண்டும்.

சத்தம் அடிக்கடி வருகிறது என்றால் காரணத்தைத் தேட வேண்டும். முதலில் புகையிலையைச் சந்தேகப்படுங்கள். ஒரு சிட்டிகை எடுத்து அழுத்தி விடுங்கள். உருண்டையாக ஒட்டிக்கொண்டே இருந்தால் ஈரம் அதிகம். மெல்லப் பிரிந்து விரிந்தால் சரி. ஈரமாக இருந்தால் தாளில் பரப்பி அரை மணி நேரம் விட்டுவிட்டு அடையுங்கள். அடுத்த காரணம் வேகம்: ரயில் எஞ்சின் மாதிரி இழுத்தால் சூடு கூடும், ஆவியும் கூடும். மூன்றாவது, முளையின் நீளம். முளை துளையின் அடிவரை போய்த் தொடாமல் முன்னாலேயே நின்றுவிட்டால் நடுவில் ஓர் இடைவெளி உண்டாகும், ஈரம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆறிய பிறகு கழற்றி, ஒரு குச்சியால் துளையின் ஆழத்தை அளந்து, முளையோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அது செய்தவர் விட்ட பிழை. நீங்கள் செய்யக்கூடியது அந்த இடத்தை அடிக்கடி துடைப்பது மட்டும்தான்.

காற்றே வரவில்லை, இழுத்து இழுத்துக் கன்னம் வலிக்கிறது

முதலில் புகையிலையைக் கொட்டிவிட்டு வெறும் சுங்கானை இழுத்துப் பாருங்கள். இப்போது சுலபமாக வருகிறது என்றால் கோளாறு சுங்கானில் இல்லை, நீங்கள் இறுக்கி அடைத்ததில். வெறும் சுங்கானிலும் வரவில்லை என்றால், ஆறிய பிறகு வாய்க்குழலைக் கழற்றி இரண்டையும் தனித்தனியாக ஊதிப் பாருங்கள். எந்தப் பக்கம் அடைப்பு என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வாய்க்குழலில் என்றால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் கிளீனரும் போதும். தண்டில் என்றால் பெரும்பாலும் புகைத்துளையின் வாயில் தார் கெட்டியாகி மோதிரம்போல் சுருங்கியிருக்கும். முள் கிளீனரை ஆல்கஹாலில் நனைத்து உள்ளே விட்டுக் கால் மணி நேரம் விட்டால் இளகும். இளகாத கல்போன்ற அடைப்புக்கு டிரில் பிட் ஒன்றை வெறும் கையால் திருகி இறக்கலாம். வழக்கமாகத் துளை 3.5-லிருந்து 4 மில்லிமீட்டர் இருக்கும். அதைவிட ஒரு நூல் சிறிய பிட்டாக எடுங்கள். மெஷினில் மாட்டவே மாட்டாதீர்கள். நீங்கள் எடுக்கப் போவது தாரை, மரத்தை இல்லை.

9 மில்லிமீட்டர் ஃபில்டர் போடும் சுங்கான் என்றால் இவ்வளவும் செய்வதற்கு முன்னால் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். ஒரே ஃபில்டரை ஒரு வாரம் ஓட்டிவிட்டுச் சுங்கானைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புளித்த வாடை, கசப்பு, பழைய புகையிலையின் வாசம்

இங்கேதான் ஆட்கள் பதறுகிறார்கள். சுங்கான் புளித்துப்போவது என்றால் மரமும் தண்டும் ஈரத்தை வெளியே விடுவதற்குள் மறுபடி மறுபடி அதை நனைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரே சுங்கானைத் தினமும் மூன்று வேளை புகைத்தால் எந்த மரமும் தாங்காது. ஒரு முறை புகைத்தால் குறைந்தது ஒரு நாள் ஓய்வு, முடிந்தால் இரண்டு நாள். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஒன்றுக்கு நாலாக வைத்துச் சுழற்றுகிறார்கள். முதலில் ஒரு வாரம் சும்மா வையுங்கள். கிண்ணம் கீழே பார்க்க, வாய்க்குழல் மேலே இருக்க, தண்டுக்குள் ஒரு காய்ந்த கிளீனரைச் செருகி வையுங்கள். பாதி வாடை அதிலேயே போய்விடும்.

போகாத மீதிக்குத்தான் ஆல்கஹால். வாய்க்குழலைக் கழற்றித் தனியே வையுங்கள். தண்டின் துளையை ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைத்துக்கொண்டே வாருங்கள். முதல் குச்சி கறுப்பாக வரும், ஐந்தாவது பழுப்பாக, பத்தாவது மஞ்சளாக. பழைய சுங்கானுக்கு இருபது முப்பது குச்சி ஆனாலும் ஆச்சரியமில்லை. குச்சி வெள்ளையாகத் திரும்பும்வரை நிறுத்தாதீர்கள். கசப்பு பெரும்பாலும் தண்டில்தான் இருக்கிறது. எல்லோரும் கிண்ணத்தையே சுரண்டிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து குழி. தண்டுக்குள் ஒரு கிளீனரைத் திரி மாதிரி திரித்துப் புகைத்துளைவரை செருகுங்கள். குழி முழுக்கப் பஞ்சைத் தளர்வாக அடையுங்கள். சொட்டுமருந்துக் குழாயால் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, விளிம்புக்குக் கொஞ்சம் கீழேவரை நனையுங்கள். சுங்கானைச் சற்றே சாய்த்து நிறுத்தி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் பஞ்சு தேன் நிறத்திலிருந்து அடர்பழுப்புவரை ஏதோ ஒரு நிறத்துக்கு வந்திருக்கும். மரத்துக்குள் இருந்த தாரை ஆல்கஹால் கரைக்க, ஆவியாகும்போது பஞ்சு அதை இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் சூட்சுமம். பஞ்சு நிறம் மாறாமல் வரும்வரை இரண்டு மூன்று இரவு செய்யலாம்.

பஞ்சுக்குப் பதில் கல்லுப்பு போடுவது பழைய முறை, இன்னும் பலர் அதையே சொல்கிறார்கள். நான் விட்டுவிட்டேன். உப்பு கரைந்து மரத்துக்குள் இறங்கினால் அதை வெளியே எடுக்க வழியில்லை. தவறிப்போய்த் தண்டுக்குள் ஒரு துளி இறங்கிவிட்டால் அது எப்போதும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பஞ்சு அதே வேலையைச் செய்யும்போது அந்த வம்பு எதற்கு?

இரண்டு எச்சரிக்கை. ஆல்கஹால் வெளிப்பக்கம் ஒரு சொட்டு விழுந்தாலும் சாயமும் பாலிஷும் அந்த இடத்தில் அழிந்து திட்டாகத் தெரியும். விளிம்பைச் சுற்றி டிஷ்யூ வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். இன்னொன்று, வேலை முடிந்த பிறகு மூன்று நாளாவது காய விடாமல் நெருப்பு வைக்காதீர்கள். ஆல்கஹால் ஊறிய மரத்தில் தீக்குச்சி உரசினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நாற்றம் இல்லை, வேறொரு புகையிலையின் வாசம்தான் விடாமல் வருகிறது என்றால் அது கோளாறே இல்லை. புகை போட்டுப் பதப்படுத்திய லட்டாக்கியா ரகமோ வாசனை ஏற்றிய புகையிலையோ ஒருமுறை குடியேறிவிட்டால் சுலபத்தில் காலி செய்யாது. அந்தச் சுங்கானை அந்த ரகத்துக்கே ஒதுக்கிவிடுவது புத்திசாலித்தனம்.

குழி சின்னதாகிக்கொண்டே போகிறது

குழியின் உட்சுவரில் படியும் கரியடுக்கு தேவையானதுதான். மரத்துக்கும் நெருப்புக்கும் நடுவில் அதுதான் கவசம். ஆனால் ஒரு மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர்வரைதான். அதற்கு மேல் போனால் ஆபத்து: சூட்டில் கரி விரிகிற அளவும் மரம் விரிகிற அளவும் ஒன்றாக இருக்காது, கரி உள்ளேயிருந்து நெருக்கிக் கிண்ணத்தையே பிளந்துவிடும். குழியின் வாய்க்கு ஓரமாக முடியளவு விரிசல் கண்டால் முதலில் கரியின் தடிமனைப் பாருங்கள்.

குறைக்க ரீமர் என்ற கருவி உண்டு. இல்லாவிட்டால், குழியின் அளவுக்கு ஒத்த உருண்டைக் குச்சியில் 120-ம் நம்பர் உப்புத்தாளைச் சுற்றி நிதானமாகச் சுழற்றுங்கள். எனக்கு ரீமரைவிட இதுவே பிடிக்கும், கைக்குக் கட்டுப்படும். பேனாக்கத்தி வேண்டாம். அதன் கூர் முனை அடியில் பள்ளம் தோண்டும், வட்டமான குழி கோணலாகும். முழுக்கச் சுரண்டி மரத்தைக் காட்டிவிடாதீர்கள், தாள் கனத்துக்காவது ஓர் அடுக்கு மிச்சம் இருக்கட்டும்.

புகைத்து முடித்ததும் சாம்பலைத் தட்ட மேஜை விளிம்பில் மோதுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க ஸ்டைலாகத்தான் இருக்கும். தண்டு ஒடிவது அப்படித்தான். உள்ளங்கையில் தட்டுங்கள், அல்லது கார்க் துண்டில். மிச்சமிருக்கும் நைஸ் சாம்பலைக் கட்டைவிரலால் வாயை மூடிக் குலுக்கினால் சுவரில் சீராகப் படியும், கரியடுக்கு ஒழுங்காக வளரும்.

கறுப்பு வாய்க்குழல் பச்சையும் பழுப்புமாக மாறிவிட்டது

தொட்டுப் பார்த்தால் சொரசொரப்பு, வாயில் வைத்தால் கந்தகக் காரம். பார்க்கப் பாசி பிடித்த மாதிரி இருக்கும், ஆனால் பாசி இல்லை. வாய்க்குழல் எபோனைட் என்கிற வல்கனைட்டில் செய்ததாக இருந்தால் இப்படித்தான் ஆகும். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் உறுதிப்படும் என்று சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டுபிடித்தாரே, அதில் கந்தகத்தை அள்ளிப் போட்டால் கிடைக்கும் கெட்டி ரப்பர்தான் எபோனைட். வெயில் வெளிச்சமும் காற்றும் எச்சிலும் பட்டுப் பட்டு மேல்பரப்பு சிதைந்து, கந்தகம் வெளியே வந்து நிறம் மாறுகிறது. அக்ரிலிக் வாய்க்குழலுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது, ஆனால் அது பல்லுக்குக் கடினம். எனக்கு எபோனைட்தான் பிடித்தம். பச்சையாவதைச் சகித்துக்கொள்கிறேன்.

லேசான மங்கல் என்றால் வெள்ளைப் பற்பசையை ஈரத்துணியில் தடவிப் பத்து நிமிடம் தேய்த்தால் போதும். துணி பழுப்பாகிக்கொண்டே வரும். அது நிற்கும்போது நீங்களும் நிறுத்தலாம்.

ஆழமாக இருந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும். கறைக்குப் போடும் ஆக்சிஜன் பிளீச் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, வாய்க்குழலை மட்டும் சில மணி நேரம் ஊற வையுங்கள். அதில் முத்திரை இருந்தால் முன்கூட்டியே அதன்மேல் பெட்ரோலியம் ஜெல்லி பூசிவிடுங்கள். வெளியே எடுக்கும்போது முன்பைவிட அசிங்கமாக, காவி பூசினதுபோல் இருக்கும். பயப்பட வேண்டாம், சிதைந்த அடுக்கு இளகிவிட்டது. முரட்டுத் துணியால் அழுத்தித் தேயுங்கள். பிறகு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து 800, 1000, 1500, 2000 என்று வரிசையாக. நம்பரைத் தாண்டித் தாவினால் முந்தைய தாளின் கீறல் கடைசிவரை தெரியும். சேரும் இடத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது வாய்க்குழலைத் தண்டில் மாட்டி, மரத்தின்மேல் டேப் ஒட்டிக்கொண்டு தேயுங்கள். தனியாகத் தேய்த்தால் விளிம்பு மழுங்கி, மாட்டிய பிறகு கோடுபோல் ஒரு பள்ளம் தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்தாலே யாரோ வீட்டில் உட்கார்ந்து தேய்த்தது என்று தெரிந்துவிடும்.

குளோரின் பிளீச் வேகமாக வேலை செய்யும், ஆனால் மேல்பரப்பைக் குழிகுழியாக அரித்துவிடும். கொதிநீரும் வேண்டாம், வளைந்த வாய்க்குழல் நேராகிவிடும். வேலை முடிந்ததும் மெழுகு பூசி வெளிச்சம் படாத பெட்டியில் வையுங்கள். ஜன்னலோரம் ஸ்டாண்டில் அழகாக அடுக்கி வைப்பதுதான் பச்சை ஏறக் குறுக்குவழி.

வாய்க்குழல் தொளதொளவென்று ஆடுகிறது, அல்லது நகரவே மாட்டேன் என்கிறது

ஆடுகிறது என்றால் அவசரப்படாதீர்கள். ரொம்ப நாள் புகைக்காமல் வைத்திருந்து மரம் காய்ந்து சுருங்கியிருக்கலாம். இரண்டு மூன்று முறை புகைத்தால் ஈரம் ஏறித் தானாகவே பிடித்துக்கொள்ளும். ஈரம் நமக்கு உதவும் ஒரே இடம் இதுதான். அப்படியும் ஆடினால் முளையில் தேன்மெழுகை மெல்லியதாகப் பூசிப் பாருங்கள்.

கடைசி வழி, எபோனைட் முளையாக இருந்தால் மட்டும்: சூடான நீரில் முளையை மட்டும் ஒரு நிமிடம் வைத்து இளக்கி, துளையைவிட மயிரிழை பெரிய வழவழப்பான எஃகுக் கம்பியை, டிரில் பிட்டின் பின்பக்கம் இதற்குத் தோது, மெல்ல உள்ளே தள்ளுங்கள். அப்படியே குளிர விட்டு உருவினால் முளை சற்றே தடித்திருக்கும். அக்ரிலிக்கில் இதைச் செய்தால் விரிசல் விடும்.

இறுக்கமாக இருந்தால் மென்மையான பென்சிலின் கரியை முளையைச் சுற்றித் தேயுங்கள். பல சுங்கான்களுக்கு இதுவே போதும். உப்புத்தாளால் முளையைத் தேய்ப்பது ஒரு வழிப் பாதை. இழைத்ததை மீட்க முடியாது.

முழுக்க மாட்டிக்கொண்டு அசையவில்லை என்றால் பெரும்பாலும் ஈரத்தில் மரம் உப்பியிருக்கும், அல்லது தார் பசையாகப் பிடித்திருக்கும். முதலில் நாலு நாள் காய விடுங்கள். பிறகும் வராவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் அரை மணி நேரம். எபோனைட் மரத்தைவிட அதிகமாகச் சுருங்குவதால் பிடி தளரும். எடுத்ததும் ஒரு கையால் தண்டை, சேரும் இடத்துக்குப் பக்கத்தில் பிடியுங்கள். கிண்ணத்தைப் பிடித்துத் திருகினால் தண்டுதான் முறியும். மேலும் கீழும் ஆட்டாமல், ஒரே திசையில் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இழுங்கள்.

கிண்ணத்தில் ஓரிடம் மட்டும் கொதிக்கிறது

கிண்ணம் முழுக்கச் சூடாக இருந்தால் நீங்கள் வேகமாக இழுக்கிறீர்கள், கீழே வைத்துவிடுங்கள். ஒரே இடம் மட்டும் விரல் வைக்க முடியாமல் சுடுகிறது, அங்கே நிறமும் கறுக்கிறது என்றால் உள்ளே மரம் எரிய ஆரம்பித்திருக்கலாம். புகைப்பதை நிறுத்தி, ஆறிய பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். மழுங்கிய குச்சியால் அந்த இடத்தைத் தட்டுங்கள். கெட்டியாக இருந்தால் பிழைத்தது. பொடிப்பொடியாக உதிர்ந்தால் மரம் கரியாகிவிட்டது.

பள்ளம் ஆழமில்லை என்றால் சுருட்டுச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்து, பற்பசைப் பதத்துக்குக் கொண்டுவந்து அதில் அப்புங்கள். ஒரு வாரம் காய்ந்தால் கல்லாகிவிடும். அதன்மேல் கரி படியும்வரை பாதிக் குழி மட்டும் அடைத்து நிதானமாகப் புகையுங்கள். வெளிப்பக்கம்வரை எட்டிவிட்டதென்றால் வீட்டில் முடியாது. பழுது பார்ப்பவர் அந்த இடத்தைத் துளைத்துப் பிரையர் துண்டு வைத்து அடைக்க வேண்டும். விசிலடிக்கிற மாதிரி நீல ஜுவாலை விடும் டார்ச் லைட்டரால் பற்ற வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். தீக்குச்சிதான் சுங்கானுக்கு ஏற்றது.

விளிம்பு கறுத்தது, மரம் மங்கியது, வாய்க்குழலில் பல் தடம்

விளிம்பில் படிந்தது தார் மட்டுமென்றால், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் விரலைச் சுற்றித் தேய்க்கத் தேய்க்க வந்துவிடும். எச்சில் தொட்டுத் துடைப்பவர்களும் உண்டு. சிரிக்காதீர்கள், வேலை செய்கிறது. துடைத்தும் கறுப்பாகவே இருந்தால் மரம் கருகிவிட்டது, அதை எடுக்க உப்புத்தாளால் மரத்தையே இழைக்க வேண்டும். நான் அப்படியே விட்டுவிடுவேன்.

பளபளப்புக்குக் கார்னௌபா மெழுகு. வழவழப்பான மரத்துக்கு மட்டும். சொரசொரப்பாகச் செதுக்கிய கிண்ணத்தில் போட்டால் பள்ளங்களில் வெள்ளையாகத் தங்கிவிடும். ஆலிவ் எண்ணெய் பூசச் சொல்வார்கள், நாளாக ஆகச் சிக்கு நாற்றம் வரும்.

எபோனைட்டில் பல் தடம் பதிந்திருந்தால் வெந்நீரில் நுனியை மட்டும் ஒரு நிமிடம் காட்டுங்கள். துளைக்குள் ஒரு கிளீனர் இருக்கட்டும், இல்லாவிட்டால் வழி ஒட்டிக்கொள்ளும். சூடு பட்டதும் அமுங்கிய இடம் தானாக எழும்பி வரும். இந்த ரப்பருக்கு தன் பழைய உருவம் மறப்பதில்லை. ஓட்டையே விழுந்திருந்தால் கறுப்பு சூப்பர் குளூவால் அடைத்து இழைக்கலாம்.

மீர்ஷாமும் மக்காச்சோளக் கட்டையும்

மீர்ஷாம் மரமில்லை, நுண்துளைகள் நிறைந்த வெள்ளைக் கனிமம். துருக்கியில் எஸ்கிஷெஹிர் பக்கம் தோண்டி எடுக்கிறார்கள். நனைந்தால் சீவுகிற அளவுக்கு மிருதுவாகிவிடும். செதுக்குபவர்களே நனைத்துத்தான் செதுக்குகிறார்கள். அதனால் கிண்ணத்தை எதிலும் ஊற வைக்காதீர்கள், ஆல்கஹாலும் வேண்டாம். இதில் கரியடுக்கு சேரவும் விடக்கூடாது. ஒவ்வொரு முறையும் டிஷ்யூவைத் திருகி உட்சுவரைத் துடைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது வெறும் கையால் கிண்ணத்தைப் பிடித்தால் மேலிருக்கும் தேன்மெழுகில் விரல் ரேகை பதியும். வருஷக்கணக்கில் அது மஞ்சளாகி, தேன் நிறமாகி, பழுப்பாவது கோளாறு இல்லை. அதற்காகத்தான் வாங்குகிறார்கள்.

மக்காச்சோளக் கட்டைச் சுங்கான் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் வாஷிங்டன் என்ற ஊரில் 1869-லிருந்து செய்யப்பட்டு வருகிறது. இதில் மரத்தண்டின் நுனி கிண்ணத்துக்குள் துருத்திக்கொண்டிருக்கும். முதல் சில முறை அது எரிந்து ஒரு மர வாடை வரும், தானாக அடங்கிவிடும். ஊற வைத்தால் பசை விட்டுத் தண்டு கையோடு வந்துவிடும். கிளீனரால் துடைத்து, காய வைத்து, காலம் முடிந்ததும் புதிதாக ஒன்று வாங்குவதுதான் இதற்குப் பராமரிப்பு.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். துடைத்த பஞ்சிலும் கிளீனரிலும் இருக்கும் பழுப்புச் சாற்றில் நிகோட்டின் இருக்கிறது, அது தோல் வழியாகவும் உள்ளே போகும். கையுறை போடுங்கள், குழந்தையும் நாயும் எட்டாத குப்பைக்கூடையில் மூடி போடுங்கள். சுங்கான் பளிச்சென்று இருப்பதால் புகையின் கெடுதல் குறையப் போவதில்லை என்பதும் தெரிந்ததுதான்.

நான் உடைத்த அந்த முதல் சுங்கானை, தண்டுக்குள் சிக்கிய துண்டைத் துளைத்தெடுத்து, டெல்ரின் பிளாஸ்டிக்கில் புது முளை வைத்து ஒருவர் திருத்திக் கொடுத்தார். இன்னும் என்னிடம் இருக்கிறது. அவ்வப்போது களகளவென்று சத்தம் போடும். கிளீனரை உள்ளே விடுவேன், கழற்ற மட்டும் மாட்டேன்.